மலையிறங்கிய காந்தள்

நுழையும்முன்

காட்டுச் செடி ஒன்று வயலில் பயிராகத் தொடங்கினால் காடு தானாகவே காக்கப்படும் என்பது பொதுவான எண்ணம். வயலிலேயே கிடைப்பதை எடுக்க யார் மலையேறப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால், அந்த வயலில் நடப்பட்ட முதல் கிழங்கு எங்கிருந்து வந்தது என்பதையும் உடன் கேட்கவேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் வளர்ப்பு முறையை விளக்கி, அக்கேள்விக்கு விடை காண்கிறது இப்பாடம்.

மலையும் அடிவாரமும்

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சைமலை நீண்டு கிடக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலை, பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்குத் தோன்றும் மருதையாறு, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. மலையடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும் மிகுதி. சற்றுத் தள்ளிச் சமவெளிக்கு வந்தால் கரிசல் நிலம் விரியும். அக்கரிசலில் பருத்தி விளைவதால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையில் அமைந்துள்ளது.

கோடையில் வறண்டு கிடக்கும் இத்தகைய மலையடிவாரப் புதர்களில், மழை பெய்தபின் மெல்லிய கொடி ஒன்று மண்ணைப் பிளந்து எழும். கிளையில்லாத அதன் தண்டு அருகிலுள்ள செடியை நோக்கிச் சாயும். இலையின் நுனி நீண்டு பற்றுக்கம்பியாகச் சுருண்டு, கிடைத்த சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். இலையையே கையாகக் கொண்டு ஏறும் இக்கொடியே காந்தள். மழைக்காலத்தின் நடுவில் புதரின் உச்சியில் இதன் பூக்கள் தலைகாட்டும். பூவின் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து, நெளிந்த விளிம்புகளுடன் தீச்சுடர்போல் மேல்நோக்கி நிற்கும். முதலில் பசுமையாகத் தோன்றும் இதழ்கள் மஞ்சளாகிப் பின்னர்ச் செந்நிறம் பெறும். ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களையும் ஒருசேரக் காண இயலும்.

பெயர்கள் தரும் செய்தி

காந்தள் குறிஞ்சி நிலத்திற்குரிய மலர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் முதலிடம் பெறுவது காந்தளே. மகளிரின் சிவந்த விரல்களுக்கு இதன் இதழ்களை உவமையாக்குவது சங்கப் புலவர்களின் மரபு. தொல்காப்பியம், வேலன் வெறியாட்டை ஒட்டிய புறத்துறைக்குக் காந்தள் என்றே பெயரிட்டுள்ளது. முருக வழிபாட்டுடன் இம்மலருக்கு உள்ள உறவை அப்பெயர் காட்டுகிறது.

மக்கள் வழக்கிலுள்ள பெயர்கள் செடியின் இயல்பையே நமக்குக் கற்பிக்கின்றன. கார்த்திகைத் திங்களை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்பர். கிழங்கு கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்பர். பூவை உற்று நோக்கினால் கண்வலி வரும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. உழவர் பேச்சிலும் சந்தையிலும் வழங்குவது இப்பெயரே. பூக்கும் பருவம், கிழங்கின் வடிவம், விலகி நிற்கவேண்டும் என்ற எச்சரிக்கை ஆகிய மூன்றும் இப்பெயர்களில் அடங்கியுள்ளன. தாவரவியலார் இதனைக் 'குளோரியோசா சூப்பர்பா' என்பர். 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் இட்ட பெயர் இது. ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை காணப்படும் இச்செடி, ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலராகவும் விளங்குகிறது.

நஞ்சும் மருந்தும்

புலவர்கள் போற்றிய இம்மலரைத் தேடி மருந்து நிறுவனங்கள் வருவதற்குக் காரணம் 'கோல்சிசின்' என்னும் வேதிப்பொருள். ஐரோப்பாவில் வளரும் கோல்சிகம் என்ற உறவுச் செடியிலிருந்து இப்பொருளை 1820ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லட்டியரும் காவன்டூவும் பிரித்தெடுத்தனர். காந்தளின் எல்லா உறுப்புகளிலும் இது உண்டு. கிழங்கைவிட விதையில் இதன் அளவு மிகுதி.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதனுள் நுண்குழல்கள் தோன்றிக் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்கின்றன. கோல்சிசின் அந்நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் பிரிதல் பாதியிலேயே நின்றுவிடும். 1937ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் பிளேக்ஸ்லீ, இப்பண்பைப் பயன்படுத்தித் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டினார். ஜப்பானிய அறிஞர் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கியதும் இவ்வழியிலேதான்.

யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டுகளில் தங்குவதால் உண்டாகும் கடுமையான மூட்டுவலிக்குக் கோல்சிசின் மருந்தாகிறது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குறைந்த அளவு கோல்சிசினை இதயநோய்த் தடுப்பிற்கும் ஏற்பளித்தது. இம்மருந்தின் தேவை காரணமாகத் தமிழ்நாட்டில் விளையும் காந்தள் விதைகளில் பெரும்பகுதி இத்தாலி முதலிய அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

மருந்தாகும் அளவிற்கும் உயிர் பறிக்கும் அளவிற்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. இலங்கையில் வற்றாளங்கிழங்கு என்று தவறாகக் கருதிக் காந்தள் கிழங்கை உண்டு மாண்டோர் உண்டு. உண்டவுடன் அறிகுறி தோன்றாமல் சில மணி நேரம் கழிந்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்; பின்னர் உடலுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சித்த மருத்துவத்தில் தேர்ந்த மருத்துவர்கள் முறைப்படி சுத்தி செய்த பின்னரே இதனைக் கையாள்வர். பிறர் எவரும் இதனை மருந்தாகக் கருதி உட்கொள்ளுதல் கூடாது.

கிழங்கின் கணக்கு

காந்தளைப் பெருக்குவதற்குக் கிழங்கு, விதை என இரண்டு வழிகள் உள்ளன. உழவர்கள் பெரும்பாலும் பின்பற்றுவது கிழங்குவழிப் பெருக்கமே. இரு கைகளை விரித்தாற்போல் கவை வடிவில் அமைந்த கிழங்கில், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை இருக்கும். உருளைக்கிழங்கில் பல கண்கள் இருப்பதால் அதனைத் துண்டுகளாக்கி நடலாம். காந்தளில் அது நடவாது. ஒரு கைக்கு ஒரு முளைதான். அந்நுனி ஒடிந்தால் அக்கை பயனற்றதாகிவிடும். எனவே, கிழங்கை அகழும்போதும் கூடையில் அடுக்கும்போதும் நடும்போதும் முட்டையைக் கையாள்வதுபோல் கையாளவேண்டும்.

மழை தொடங்கியதும் முளை தண்டாக எழுகிறது. தண்டின் அடியில் புதிய கவைக்கிழங்கு உருவாகிறது. பழைய கிழங்கு தன்னிடமுள்ள உணவைக் கொடுத்துச் சுருங்கி மறைகிறது. காய் முற்றியபின் தண்டு காய்ந்துவிட, புதிய கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. இரண்டு கைகளும் பழுதின்றி முளைத்தால், ஆண்டின் முடிவில் ஒரு கிழங்கு இரண்டாகியிருக்கும். அதற்குமேல் பெருகாது.

இதன் பொருளை ஒரு கணக்கின்வழி அறியலாம். ஓர் ஏக்கர் நடவிற்கு ஏறத்தாழ 600 முதல் 800 கிலோ கிழங்கு தேவை. நடுவிலுள்ள 700 கிலோவை எடுத்துக்கொள்வோம். கிழங்கு ஒன்றின் எடை 50 கிராம் எனில் 14,000 கிழங்குகள் வேண்டும். ஒரே ஒரு கிழங்குடன் தொடங்கி, ஆண்டுதோறும் இரட்டிப்பாக்கினால் பதின்மூன்றாம் ஆண்டில் 8,192 கிழங்குகள் இருக்கும். பதினான்காம் ஆண்டில்தான் 16,384 ஆகும். ஒன்றுகூட அழுகாமலும் முளை ஒடியாமலும் இருந்தால்தான் இக்கணக்கு மெய்ப்படும். நூறு கிழங்குகளுடன் தொடங்குபவரும் ஓர் ஏக்கரை நிரப்ப எட்டு ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டும்.

விதை விலை உயரும்போது அவ்வளவு காலம் காத்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. நடவுக்கிழங்கிற்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது. அந்நிலையில் காட்டுப் புதர்களுக்கு அடியில் உறங்கும் கிழங்குகள் பணமாகத் தெரிகின்றன. பல ஆண்டுகளாக மலையில் பெருகிய கிழங்குகளை ஒரு பருவத்தில் தோண்டி எடுத்துவிட இயலும். அவ்விடத்தில் மீண்டும் காந்தள் செழிக்க அத்தனை ஆண்டுகளும் திரும்பக் கழியவேண்டும்.

விதையின் வழி

இரண்டாவது வழி விதை. ஒரு காயில் பல விதைகள் இருப்பதால் இது விரைவான வழிபோல் தோன்றும். ஆனால், கடினமான உறையுடைய காந்தள் விதைகள் பல மாதங்கள் உறக்கத்தில் இருக்கும். முளைப்பதும் ஒரே சீராக நிகழாது. முதலாண்டில் உருவாகும் கிழங்கு மிகச் சிறியது. அது ஒவ்வோர் ஆண்டும் சற்றே பருத்துப் பூக்கும் நிலையை அடைய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

பொறுமை வேண்டினாலும் இவ்வழிக்குத் தனிச்சிறப்பு உண்டு. கிழங்கிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் மறுபதிப்பே. தாயின் நற்பண்புகளுடன் நோய்களும் கிழங்கின்வழி தொடரக்கூடும். விதையிலிருந்து வளரும் ஒவ்வொரு நாற்றும் வேறுபட்ட மரபுப் பண்புகளைக் கொண்டது. அவற்றுள் நோயைத் தாங்குவனவும் மிகுதியாகக் காய்ப்பனவும் தோன்றலாம். அவற்றைத் தேர்ந்து கிழங்குவழிப் பெருக்கலாம். ஆகவே, வயலின் ஒரு மூலையில் ஆண்டுதோறும் சிறிதளவு விதையை நாற்றங்காலில் இட்டு வருபவர், நான்காம் ஆண்டு முதல் காட்டை நம்பாமல் தமக்கு வேண்டிய கிழங்கைத் தாமே பெறத் தொடங்குகிறார். ஆய்வகங்களில் திசு வளர்ப்பு முறையிலும் காந்தள் நாற்றுகளை உருவாக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

நிலமும் நடவும்

காந்தளை வளர்ப்பவர் அது காட்டில் எவ்வாறு வாழ்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். மலைச்சரிவில் மழைநீர் தேங்குவதில்லை. வயலிலும் நீர் தேங்கலாகாது. தேங்கினால் கிழங்கு அழுகும். எனவே, நீரை நெடுநாள் பிடித்துவைக்கும் கரிசல் மண்ணைவிட வடிகால் வசதியுள்ள செம்மண்ணே ஏற்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 70 செ.மீ. மழை போதுமானது. ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி முதலிய வறண்ட பகுதிகளிலும், அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் வட்டாரத்திலும் இப்பயிர் இடம்பெற்றமைக்கு மண்ணின் இயல்பும் ஒரு காரணம்.

நிலத்தை நன்கு உழுது தொழுவுரமிட்டு ஆனி, ஆடித் திங்கள்களில் நடுவர். 50 முதல் 60 கிராம் எடையுள்ள, முளை ஒடியாத கிழங்குகளைத் தேர்ந்தெடுப்பர். அழுகல் நோயைத் தடுக்கும் மருந்துக் கரைசலில் அவற்றை நனைத்தபின், செடிக்குச் செடி ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடுவர்.

காட்டில் புதர் தாங்கியதுபோல் வயலிலும் கொடியைத் தாங்க ஒன்று வேண்டும். முள்கிளுவையை உயிர்வேலிபோல் வரிசையாக வளர்த்து அதன்மேல் காந்தளை ஏறவிடுவது தமிழக உழவர்களின் வழக்கம். விராலிச் சுள்ளிகளையும் கம்பிப் பந்தலையும் பயன்படுத்துவோர் உண்டு. கொடியின் நுனி ஒடிந்தால் வளர்ச்சி நின்றுவிடும். ஆதலால், களை எடுப்போர் வரிசைகளுக்கிடையே விழிப்புடன் நடப்பர். மனிதருக்கு நஞ்சாகும் இச்செடியின் இலைகளைத் தின்றே வாழும் ஒருவகைப் புழுவும் உண்டு. அதனைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து அகற்றாவிட்டால் சில நாள்களில் கொடி மொட்டையாகிவிடும்.

கைகளால் நிகழும் மகரந்தச் சேர்க்கை

பூத்தவை எல்லாம் காய்த்துவிடுவதில்லை. காந்தள் பூவின் சூல்தண்டு, சூலகத்தை விட்டு வெளிவந்ததும் ஏறத்தாழச் செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. அதனால், பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் எளிதில் விழுவதில்லை. வேறு பூவின் மகரந்தத்தைப் பெறுவதற்கு இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. காட்டில் வண்ணத்துப்பூச்சிகளும் பிற பூச்சிகளும் அப்பணியைச் செய்கின்றன. ஆயிரக்கணக்கான பூக்கள் ஒரே காலத்தில் மலரும் வயலில் அவை போதுமானவையாக இல்லை.

ஆகவே, பூக்கும் பருவம் முழுவதும் நாள்தோறும் காலை 8 மணி முதல் 11 மணி வரை தொழிலாளர்கள் வரிசை வரிசையாகச் சென்று, ஒரு பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து மற்றொரு பூவின் சூல்முடியில் தடவுகின்றனர். வெயில் ஏறியபின் செய்தால் பயன் குறையும். ஒரு நாள் தவறினால் அன்று ஏற்புநிலையிலிருந்த பூக்கள் காயாமலே உதிரும். காந்தள் சாகுபடியில் மிகுந்த ஆள்கூலி தேவைப்படுவது இப்பணிக்கே. சிறு நில உழவர் குடும்பங்களில் வீட்டார் அனைவரும் இதில் ஈடுபடுவது வழக்கம். பூச்சிகள் காட்டில் கூலியின்றிச் செய்யும் பணியின் மதிப்பை இவ்வயல்களில் கண்கூடாகக் காணலாம்.

நடவு செய்த 160 முதல் 180 நாள்களில் காய்கள் முற்றும். கரும்பச்சை வெளிர்பச்சையாக மாறுவது பறிக்கும் பருவத்திற்கு அடையாளம். பறித்த காய்களை நிழலில் உலர்த்தி, செந்நிற விதைகளைக் கையால் பிரித்தெடுத்து மீண்டும் உலர்த்துவர். பயிரில் பணிபுரிவோர் கையுறை அணிதலும், பணி முடிந்ததும் கைகளை நன்கு கழுவுதலும், விதைகளையும் கிழங்குகளையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்தலும் இன்றியமையாதன.

காடும் வயலும்

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மருந்துச் சந்தைக்கு முதன்மையாகத் தேவைப்படுவது விதை. விதையைப் பறித்தாலும் கிழங்கு மண்ணில் வாழும். மறு ஆண்டும் அக்கொடி தழைக்கும். ஆகவே, தன் கிழங்கைத் தானே பெருக்கிக்கொள்ளும் காந்தள் வயல் காட்டின் சுமையைக் குறைக்கிறது. காட்டில் தோண்டிய கிழங்கால் நிரப்பப்படும் வயலோ, பயிர் என்ற பெயரில் காட்டையே இடம்பெயர்க்கிறது. இரண்டு வயல்களிலும் பூக்கள் ஒரேபோல் மலரும். வேற்றுமை நடவுக்கிழங்கின் பிறப்பிடத்தில் உள்ளது.

காட்டில் காந்தள் வாழ்வது வயலுக்கும் தேவை. கிழங்குவழிப் பெருக்கத்தால் வயற்செடிகள் பெரும்பாலும் ஒத்த பண்புடையனவாகின்றன. புதிய நோய் ஒன்று தாக்கினால் அனைத்தும் ஒருங்கே வீழக்கூடும். அந்நோயைத் தாங்கும் பண்பு எங்கோ ஒரு மலைச்சரிவில், ஒரு புதரின் நிழலில் வளரும் கொடியில் இருக்கலாம். அக்கொடியை இழந்தபின் அப்பண்பைத் திரும்பப் பெற வழியில்லை.

இதனை உணர்ந்தே சட்டங்களும் அமைப்புகளும் தோன்றியுள்ளன. 2000ஆம் ஆண்டு தேசிய மருத்துவத் தாவரங்கள் வாரியம் அமைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி உருவான தேசிய ஆணையம் சென்னையில் இயங்குகிறது. காப்புக்காடுகளிலிருந்து இசைவின்றிக் கிழங்குகளை அகழ்வது குற்றமாகும். எனினும், சட்டம் மட்டும் மலையைக் காத்துவிடாது. நடவுக்கிழங்கு வாங்கும் உழவர், அது எவருடைய வயலில் எத்தனை ஆண்டுகளாகப் பெருக்கப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். விற்பவர் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். விதை விலை ஓராண்டு உயர்ந்து மறு ஆண்டு சரியும் இயல்புடையது. நிலையான விலை கிடைக்குமாயின், பொறுமையுடன் கிழங்கைப் பெருக்குவதற்கு உழவரிடம் ஊக்கம் மிகும்.

காந்தள் பொறுமையுடன் பெருகும் செடி. ஓராண்டில் ஒன்றை இரண்டாக்குவதே அதன் இயல்பு. அவ்வேகத்திற்கு ஏற்ப நம் தேவையையும் திட்டத்தையும் அமைத்துக்கொண்டால், வேப்பந்தட்டை போன்ற மலையடிவார ஊர்களில் வயலிலும் காந்தள் விளையும். மேலேயுள்ள பச்சைமலையின் புதர்களிலும் கார்த்திகைதோறும் அது பூக்கும்.

கற்பவை கற்றபின்

1. 250 கிழங்குகளுடன் காந்தள் சாகுபடியைத் தொடங்கும் உழவர் ஓர் ஏக்கர் நடவிற்குத் தேவையான கிழங்குகளைப் பெற எத்தனை ஆண்டுகள் ஆகும் எனக் கணக்கிடுக. ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு கிழங்குகள் அழுகினால் விடை எவ்வாறு மாறும்?

2. உங்கள் ஊரில் காட்டிலிருந்து வயலுக்கு வந்த பயிர் அல்லது மூலிகை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு, அதன் வட்டாரப் பெயர்களையும் அப்பெயர்கள் தரும் செய்திகளையும் தொகுக்க.

3. காந்தளைக் காண நேர்ந்தால் தொடாமல், தொலைவிலிருந்து பூவின் நிறமாற்றத்தையும் இலைநுனியின் பற்றுதலையும் நோக்கிக் குறிப்பெழுதுக.